பலாக்கட்டையில் மிளகு

புதுக்கோட்டை மாவட்டத்தில் ஆலங்குடி, வடகாடு, கீரமங்கலம் பக்கத்து ஊர்களில் பலா இல்லாத கொல்லை அரிது. செம்மண் பூமி. ஆழ்துளைக் கிணற்றுத் தண்ணீரில் பூவும் வாழையும் தென்னையும் விளைகின்றன. பலாவுக்கென்று யாரும் தண்ணீர் கட்டியதில்லை. வேலியோரத்திலும் மாட்டுக்கொட்டிலுக்குப் பின்னாலும் அது பாட்டுக்கு வளர்ந்து நிற்கும். சித்திரை, வைகாசியில் தூரிலிருந்து உச்சிக்கிளை வரை காய்த்துத் தொங்கும்.

எங்கள் கொல்லைப் பலா அய்யா வைத்தது. அய்யா என்றால் அப்பாவின் அப்பா. எனக்கு விவரம் தெரிந்த நாளிலேயே அது பெரிய மரம். அதன் தூரில்தான் அப்பா கரிமுண்டா மிளகுக்கொடியை ஏற்றிவிட்டார். மிளகு மலையில் மட்டும்தான் வரும் என்ற எண்ணம் எங்கள் பக்கத்தில் மாறத் தொடங்கியிருந்த காலம் அது. பலாவும் தென்னையும் தரும் நிழலும், தூரில் கொஞ்சம் ஈரமும் இருந்தால் சமவெளியிலும் மிளகு காய்க்கும் என்று வடகாடு பக்கத்து விவசாயிகள் சிலர் செய்து காட்டியிருந்தார்கள். அப்பாவும் கொடி வாங்கி வந்து நட்டார். அவர் இறந்த பிறகு, தை மாதத்தில் ஏணி வைத்து மிளகுச் சரங்களைக் கிள்ளும் வேலையை அம்மா யாரிடமும் கொடுக்கவில்லை.

2018 நவம்பர் 16 விடியற்காலையில் நாகப்பட்டினத்துக்கும் வேதாரண்யத்துக்கும் இடையில் கஜா புயல் கரையேறியது. திருவாரூர், தஞ்சாவூர் மாவட்டங்களைத் தாண்டி எங்கள் பக்கம் வந்த பிறகும் அதன் வேகம் அடங்கவில்லை. தென்னைகள் பாதியில் முறிந்தன, சில வேரோடு சாய்ந்தன. எங்கள் பலா நெஞ்சு உயரத்தில் முறுக்கிக்கொண்டு ஒடிந்தது. நான் திருச்சியில் இருந்தேன். தம்பி சிங்கப்பூரில் இருந்தான். அம்மாவின் போன் கிடைக்கவில்லை. பேருந்து ஓடத் தொடங்கியதும் கிளம்பிப் போனேன். வழிநெடுக மரம் விழுந்து கிடந்தது, ஆட்கள் அரிவாளும் கையுமாக நின்றார்கள். வீட்டு வாசலை அடைந்தபோது அம்மா கொல்லையில் இருந்தார். விழுந்த மரத்தின் மேல் குனிந்து, கிழிந்துபோன மிளகுக்கொடியில் கணுவுள்ள துண்டுகளாகப் பார்த்து நறுக்கிக்கொண்டிருந்தார். "வந்துட்டியாத்தா, அந்த வாளியில தண்ணி எடுத்தா. கொடி வாடுறதுக்குள்ள நட்டுறணும்" என்றார். அழுகையெல்லாம் அதற்குப் பிறகுதான்.

மரம் ஏன் அந்த உயரத்தில் ஒடிந்தது என்பது அறுத்தபோது தெரிந்தது. உள்ளே பொந்து. பல வருடங்களுக்கு முன்னால் வீட்டுக் கூரைமேல் வருகிறது என்று ஒரு பெரிய கிளையை வெட்டியிருந்தார்கள். அந்த வெட்டுவாய் வழியாக மழைத்தண்ணீர் இறங்கி, பூஞ்சை பிடித்து, நடுமரம் கொஞ்சம் கொஞ்சமாக உளுத்திருக்கிறது. வெளியே பட்டையும் இலையும் காயும் குறைவில்லாமல் இருந்ததால் யாருக்கும் தெரியவில்லை. மரம் உயிரோடு இருப்பது பட்டைக்கு அடியில் உள்ள மெல்லிய வளையத்தாலும் அதை ஒட்டிய வெள்ளைப் பகுதியாலும்தான். நடுவில் இருக்கும் வைரம் தண்ணீர் ஏற்றுவதை என்றோ நிறுத்திவிட்ட பகுதி. மரத்தைத் தாங்குவது அதன் வேலை. ஆகவே நடு உளுத்துப்போன மரம்கூடப் பச்சையாய்ப் பல வருடம் நிற்கும், காய்க்கும். பெருங்காற்று வரும் நாளில்தான் குறை வெளியே தெரியும்.

பலா மரத்துக்கு நல்ல விலை உண்டு. நிலை, கதவு, கட்டில் செய்யலாம். மிருதங்கக் கட்டையும் வீணைக் குடமும் பலாவில்தான் கடைகிறார்கள். மிருதங்கத்துக்குப் பண்ருட்டிப் பலா பேர்போனது. அந்தப் பண்ருட்டிப் பக்கத்துப் பலாக்களையும் முந்திரிகளையும் 2011 டிசம்பர் 30 அன்று தானே புயல் சாய்த்துப் போட்டது. ஏழு வருடம் கழித்து எங்கள் முறை வந்தது. ஊர் முழுக்க மரம் விழுந்து கிடக்கும்போது விலை என்ன கிடைக்கும்? வந்த வியாபாரி எங்கள் மரத்தைத் தட்டிப் பார்த்துவிட்டு, பொந்து மரம், விறகுக்குத்தான் என்று சொல்லிக் கிளைகளுக்கு மட்டும் ஒரு தொகை கொடுத்தார். மெஷின் ரம்பக்காரர் இடுப்பு உயரத்துக்கு அடிக்கட்டையைச் சமமாக அறுத்துவிட்டுப் போனார். அறுத்த முகம் மஞ்சளாக இருந்தது. பலா வைரத்தின் நிறம் அது. தென்கிழக்கு ஆசியாவில் பிக்குகளின் துவராடைக்குச் சாயம் ஏற்ற இந்தக் கட்டையின் சீவல்களைத்தான் கொதிக்கவைப்பார்கள். வெயில் படப்பட அறுத்த முகம் தேன்நிறமாகி, பிறகு பழுப்பானது.

அடுத்த மாதங்களில் கட்டையின் பட்டையைக் கிழித்துக்கொண்டு தளிர்கள் வந்தன. பலாவின் முதிர்ந்த இலை முழுசாக, வழவழப்பாக இருக்கும். வெட்டுப்பட்ட தூரிலிருந்து வரும் இலை கன்றின் இலையாக, ஓரம் பிளவுபட்டு வரும். அத்தனை வயதான மரம் மறுபடி கன்றாக இலை விட்டதைப் பார்த்து அம்மா தினமும் தண்ணீர் ஊற்றினார். ஆனால் காற்று முறுக்கியதில் வேர்கள் மண்ணுக்குள்ளேயே அறுந்திருக்க வேண்டும். கோடை வந்ததும் தளிர்கள் ஒவ்வொன்றாய்க் கருகின. அதன் பிறகு கட்டையில் பட்டை விட்டுப்போனது.

கட்டையை எடுத்துவிடலாம் என்று தம்பி சொன்னான். அவன் விடுமுறையில் வந்திருந்தபோது தெருவில் ஜேசிபி வைத்துக் கட்டைகளைத் தோண்டிக்கொண்டிருந்தார்கள். நகரத்து நண்பர் ஒருவர், துளை போட்டு உப்பைக் கொட்டினால் தானே மக்கிவிடும் என்றார். உப்பைக் கொட்டினால் அந்த இடத்து மண்ணும் சேர்ந்து கெடும். ஜேசிபி தோண்டினால் பலாவேர் போகிற தூரத்துக்குக் கிணற்றடிச் சுவரும் ஆடும். அம்மாவோ இந்த இரண்டு காரணமும் சொல்லவில்லை. "கெடக்கட்டும்டா" என்று மட்டும் சொன்னார்.

அது கிடந்தது. கிடந்ததைச் சும்மா கிடந்தது என்று சொல்ல முடியாது. கருவண்டுகள் வெளிப்பக்கத்தில் வட்டமாகத் துளை போட்டுக் குடியேறின. ஐப்பசி மழையில் விளிம்பை ஒட்டித் தட்டுத்தட்டாகக் காளான் பூத்தது. உள்ளே பொந்தில் அரணை ஒன்று இருந்தது. பூரானும் இருந்தது. வெளிப்புறத்து வெள்ளை கையால் பிய்த்தால் உதிரும் அளவுக்கு மென்மையானது. உள் பொந்தும் அகன்றது. இரண்டுக்கும் நடுவே வைரம் மட்டும் ஒரு வளையமாக, தட்டினால் ஓசை வரும் உறுதியோடு நின்றது. மனிதர் செதுக்க வேண்டியதில் பெரும்பகுதியைப் பூஞ்சைகளே செதுக்கி வைத்திருந்தன. இதில் செடி வைக்கலாம் என்று எனக்குத் தோன்றியது அதைப் பார்த்துத்தான்.

ஊரில் கட்டையில் செடி வைப்பது புதிதில்லை. கஜாவுக்குப் பிறகு நிறையப் பேர் தென்னங்கட்டையில் டேபிள் ரோஸும் கற்றாழையும் வைத்திருந்தார்கள். தென்னை அதற்கு வெகு சுலபம். அதன் உறுதி வெளியே இருக்கிறது, நடுவில் சோறு. ஒரு மழைக்காலம் போனால் நடு தானே பஞ்சாகிவிடும், மண்வெட்டியால் வழித்து எடுத்துவிடலாம். பலா அப்படி இல்லை, வைரம் உள்ளே. வெளியே வைரம் உள்ளதைப் புல் என்றும் உள்ளே வைரம் உள்ளதை மரம் என்றும் தொல்காப்பிய மரபியல் பிரித்து வைத்திருக்கிறது. அதை எழுதியவர் உளி பிடித்த யாரோ ஒருவரிடம் கேட்டுத்தான் எழுதியிருப்பார் என்று நான் நம்புகிறேன். எங்கள் கட்டைக்கு வந்த ஆசாரி அண்ணன் ஒரு பக்கம் தட்டிப் பார்த்துவிட்டு, "தென்னைன்னா சொரண்டிறலாம். இது உளிய உடைக்கும்" என்றார்.

அதனால் முழுதாகக் குடையவில்லை. பொந்தின் உள்சுவரில் உளுத்ததை மட்டும் எடுத்தோம். அவர் உளியும் கொட்டாப்புளியும் வைத்து மேலிருந்து இறங்கினார். மக்கிய பகுதி ஈரக் கேக்காகப் பெயர்ந்து வந்தது. நல்ல மரம் வந்த இடத்தில் உளியின் சத்தம் மாறியது, அங்கே நிறுத்தினார். ஒரு முழத்துக்கும் கொஞ்சம் அதிகமான ஆழம். சுவர் நான்கு விரல் கனம், வடக்குப் பக்கம் மட்டும் இரண்டு விரல். வெளிப்பக்கத்து வெள்ளையைச் சீவிவிடலாமா என்று கேட்டார். வேண்டாம் என்றோம். உதிர்கிற காலத்தில் அதுவாக உதிரட்டும், அதுவரை வைரத்துக்கு அது ஒரு போர்வை.

அவர் மிக அக்கறையாகச் செய்தது வடிகால். பொந்தின் அடியை ஒட்டி, உள்ளிருந்து வெளியே சரியும்படி துரப்பணம் போட்டு, சுற்றிலும் துளைகள் விட்டார். தண்ணீர் நிற்கும் மரப்பொந்து ஏடிஸ் கொசுவின் பிறப்பிடம். டெங்கு வரும் ஊரில் வடிகால் இல்லாத கட்டைத்தொட்டியை வைத்துக்கொள்ளவே கூடாது. செடிக்கும் அதுதான் முதல் தேவை. சிலர் உள்ளே பிளாஸ்டிக் தாளை விரித்து மண் போடுகிறார்கள், மரம் மக்காமல் இருக்குமாம். வெளியே வார்னிஷ் அடிக்கிறார்கள். எனக்கு அதில் துளியும் உடன்பாடில்லை. தாள் விரித்தால் வேர் நீரில் ஊறும், மரமும் தாளுக்குப் பின்னால் புழுங்கிச் சீக்கிரம் போகும். மக்குவதைத் தடுக்க வேண்டுமென்றால் சிமெண்ட் தொட்டி வாங்கிக்கொள்ளலாம். கட்டையில் செடி வைப்பதே அது மக்கிக்கொண்டிருக்கிறது என்பதற்காகத்தான். மழையில் ஊறிய மரம் ஈரத்தைப் பிடித்து வைத்திருந்து வெயில் நாளில் கொஞ்சம் கொஞ்சமாக மண்ணுக்கு விடுகிறது. மண்தொட்டிக்குத் தினம் தண்ணீர் ஊற்றும் அம்மா, இதற்கு ஒருநாள் விட்டு ஒருநாள் ஊற்றினாலே போதும் என்கிறார்.

ஆனால் மக்கும் மரம் கொடுப்பதற்கு முன்னால் எடுத்துக்கொள்ளும். மரத்தூளில் ஒரு பங்கு தழைச்சத்துக்குச் சில நூறு பங்கு கரிமம் இருக்கிறது. அதைத் தின்று மக்கவைக்கும் நுண்ணுயிர்களுக்குத் தழைச்சத்து போதாது. அவை பக்கத்து மண்ணில் உள்ளதை இழுத்துக்கொள்ளும். செடிக்கு வேண்டியது குறைந்து இலை வெளுக்கும். மக்கிய சாணத்தில் கரிமம் ஏறத்தாழ 20 பங்குதான், கடலைப் புண்ணாக்கில் அதைவிடக் குறைவு. ஆகவே மரத்தொட்டிக்கு மண்ணோடு இந்த இரண்டும் தாராளமாக வேண்டும். கரையானுக்காக வேப்பம் புண்ணாக்கும் ஒரு கை. அம்மாவுக்குக் கரிமக் கணக்கு தெரியாது. "மரத்தூளு எருவத் திங்கும், கூடப் போடு" என்று அவர் சொன்னது அதே கணக்குதான்.

சாணம் என்றதும் அவர் இன்னொன்றையும் கவனித்தார். எங்கள் பக்கத்தில் எஞ்சியிருந்த தென்னைகளைக் கஜாவுக்குப் பிறகு அலைக்கழித்தது காண்டாமிருக வண்டு. விழுந்து மக்கும் தென்னங்கட்டையிலும் எருக்குழியிலும்தான் அது முட்டையிடும். வளைந்து சுருண்ட, கட்டைவிரல் தடிமனுள்ள வெள்ளைப் புழு அங்கேயே தின்று வளரும். வண்டானதும் பறந்துபோய்த் தென்னையின் குருத்தைக் குடையும். குருத்து விரிந்தால் மட்டை விசிறியாகக் கத்தரித்திருக்கும். ஊரில் அத்தனை கட்டைகள் மக்கிக் கிடந்தால் வண்டு பெருகாமல் என்ன செய்யும்? புயலில் தப்பிய மரத்தை வண்டு கொன்ற கதை எங்கள் தெருவிலேயே உண்டு. வேளாண் துறைக்காரர்கள் ஆமணக்குப் புண்ணாக்கைத் தண்ணீரில் கரைத்துப் பானையில் வைத்து வண்டைப் பிடிக்கச் சொன்னார்கள். எருக்குழிக்குப் பச்சை மஸ்கார்டைன் பூஞ்சையையும் தெளிக்கச் சொன்னார்கள், புழுவுக்கு நோய் உண்டாக்கிக் கொல்லும் பூஞ்சை அது. மக்கும் கட்டைக்குள் சாணத்தைக் கொட்டுவது என்றால் அந்த வண்டுக்கு நாமே பிரசவ அறை கட்டிக் கொடுப்பதாகும். அம்மா எருவைச் சாக்கில் பரப்பி, வெயிலில் காயவைத்து, கையால் உதிர்த்துப் பார்த்த பிறகுதான் கட்டைக்குள் போடவிட்டார். இன்றும் மாதத்துக்கு ஒருமுறை ஓரத்தில் கரண்டியை விட்டுக் கிளறுகிறார்.

முதல் வருடம் தண்டுக்கீரைதான். மண் எப்படி இருக்கிறது என்பதைக் கீரை சீக்கிரம் சொல்லிவிடும். முதல் விதைப்பு வெளிறி வந்தது. புண்ணாக்கைக் கரைத்து ஊற்றினோம். அடுத்ததன் இலை கரும்பச்சை. கற்பூரவல்லியை ஓரத்தில் ஒடித்து வைத்தோம், அது சொல்லாமலே பரவி விளிம்பில் வழிந்தது. பக்கத்து வீட்டு அக்கா பூச்செடி வைக்கச் சொன்னார். ஆனால் எதை வைப்பது என்று அம்மா ஏற்கெனவே முடிவு செய்திருந்தார் போலிருக்கிறது.

புயலன்று நறுக்கி நட்ட கொடித்துண்டுகளில் தப்பியவற்றை அவர் தென்னந்தூரில் ஏற்றியிருந்தார். நிழலுக்கு அவசரமாக அகத்தியும் வாழையும் வைத்து, அவை வளரும்வரை கீற்று மறைப்பு கட்டிக் காப்பாற்றிய கொடிகள். அவை ஏறி, பக்கக்கிளை விட்டு, சரம் பிடிக்கத் தொடங்கியிருந்தன. மிளகில் இரண்டு வகைக் கிளை உண்டு. நேராக ஏறும் தண்டு மரத்தைப் பற்றிக்கொண்டு போகும். தூரில் ஓடும் கொடியை வெட்டி நட்டாலும் அதுவும் ஏறத்தான் பார்க்கும். பக்கவாட்டில் வரும் காய்ப்புக் கிளைக்கு ஏறும் குணமே கிடையாது. அதை வெட்டி வேர் பிடிக்கவைத்தால் கொடியாகாது, இடுப்பளவு புதராக நின்று காய்க்கும். செடி மிளகு என்பார்கள். வேர் பிடிப்பதுதான் சிரமம். நிறைய அழுகும், நிறையக் காயும், பிழைத்தது எது என்று தெரியவே மாதங்கள் ஆகும். மிளகுக்கு ஈரம் வேண்டும், ஆனால் தூரில் தண்ணீர் நின்றால் வாடல் நோயில் சீக்கிரமே போய்விடும். ஈரமும் வேண்டும் தண்ணீரும் நிற்கக்கூடாது என்றால், நான்கு பக்கமும் வடிகால் உள்ள மரத்தொட்டியைவிட அதற்கு நல்ல இடம் எது?

அம்மா பிழைத்த நாற்றுகளைக் கட்டைக்குள் நட்டார். எந்த மரத்தின் மேல் அந்தக் கொடி அப்பாவின் கையால் ஏறியதோ, அந்த மரத்தின் உள்ளே அதன் கிளைக்கு வேர்விட இடம் கிடைத்தது. ஏறுவதற்கு இப்போது மரம் இல்லை, ஏற வேண்டிய தேவையும் அந்தச் செடிக்கு இல்லை. நான் இதைச் சொன்னபோது அம்மா காதில் வாங்கவில்லை. நட்ட இடத்தை அழுத்திக்கொண்டே, "இனிமே ஏணி வேணாம்" என்றார். அவருக்கு முழங்கால் வலி.

காஞ்சிபுரம் ஏகாம்பரநாதர் கோயிலில் பழைய மாமரத்தின் அடிமரத்தைக் கண்ணாடிக்குள் வைத்துக் காக்கிறார்கள். வழிபாட்டுக்குரிய மரம், அதற்கு அந்த மரியாதை பொருந்தும். வீட்டுக் கொல்லைப் பலாவுக்குக் கண்ணாடி வேண்டாம் என்பது என் எண்ணம். அது கொஞ்சம் கொஞ்சமாகக் குறைந்துகொண்டிருப்பதை நான் பார்த்துக்கொண்டிருக்கிறேன், அதில் எனக்கு வருத்தம் மட்டும் இல்லை. வெள்ளை முழுக்க உதிர்ந்து கட்டையைச் சுற்றிக் கருப்பாய் ஒரு மண் வளையம் உண்டாகியிருக்கிறது. அதில் பிரண்டையும் தூதுவளையும் வளர்கின்றன. பக்கத்து மண் செம்மண், இந்த வளையம் மட்டும் வேறு நிறம். அய்யா காலத்திலிருந்து அந்த மரம் காற்றிலும் மண்ணிலும் இருந்து சேர்த்தது எல்லாம் அங்கே இறங்கிக்கொண்டிருக்கிறது.

வடக்குப் பக்கத்து மெல்லிய சுவரில் போன மழைக்காலத்தில் ஒரு வெடிப்பு விழுந்தது. இரும்புப் பட்டை அடித்து இறுக்கிவிடலாம் என்று தம்பி வீடியோ அழைப்பில் சொன்னான். அம்மா ஒத்துக்கொள்ளவில்லை. வெடித்தால் வெடிக்கட்டும், அந்த நேரத்தில் செடியின் வேர் கீழே பழைய பலாவேரின் தடம் வழியாகத் தரைக்கே போயிருக்கும் என்பது அவர் கணக்கு. அது சரியான கணக்குதான். செத்த வேர் மக்கும்போது மண்ணுக்குள் அது இருந்த தடம் பொலபொலவென்று இளகிக் கிடக்கும், புது வேருக்கு அதைவிடச் சுலபமான பாதை இல்லை. தொட்டி போனாலும் செடி நிற்கும்.

மரத்துக்கும் ஒரு ஏற்பாடு நடந்தது. எங்கள் பலாவின் பழத்தை ஒவ்வொரு வருடமும் அம்மா தெருவுக்கே பங்கு வைப்பார். தின்றுவிட்டு எறிந்த கொட்டை ஒன்று கிழக்குத் தெரு அத்தை வீட்டு எருக்குழி ஓரத்தில் புயலுக்கு முந்தைய வருடமே முளைத்திருக்கிறது. அது இப்போது ஆள் உயரத்தைத் தாண்டிய மரம். பலாக்கன்று தாய்மரத்தின் குணத்தை அப்படியே கொண்டு வராது. சுளை எப்படி இருக்கும் என்பது காய்த்தால்தான் தெரியும். அத்தைக்கு அதைப் பற்றிக் கவலை இல்லை. அவர் வந்தது வேறு காரியத்துக்கு. அவர் கொல்லையிலும் தென்னங்கட்டைகள் கிடக்கின்றன. எங்கள் செடி மிளகில் சரம் தொங்குவதைப் பார்த்துவிட்டு, தனக்கும் நாற்று வேண்டும் என்று கேட்டார்.

அம்மா வேர் பிடித்த நாற்று ஒன்றைப் பையோடு எடுத்துக் கொடுத்தார். எந்தப் பக்கம் துளை விட வேண்டும், எத்தனை நாளுக்கு ஒருமுறை புண்ணாக்குக் கரைசல் என்றெல்லாம் வாசல்வரை சொல்லிக்கொண்டே போனார். அத்தை தெருவில் பாதித் தூரம் போன பிறகும் திண்ணையிலிருந்து கூப்பிட்டு இன்னொரு தடவை சொன்னார்: "மதினி, ஒங்களது தென்னங்கட்டை. சாணி போடுறதுக்கு முன்னாடி புழு இருக்கான்னு கெளறிப் பாத்துட்டுப் போடுங்க!"